சமத்துக்கு வந்து சேர்தல்: தாளத்திலும் ஆட்டத்திலும் கணக்கு

(பங்சாரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



லயத்தையும் கணிதத்தையும் சேர்த்துப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய எண்களில் தொடங்குவார்கள். ஏழு தாளம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜாதி, ஆக 35. அவற்றுக்கு ஐந்து நடை, ஆக 175. பெருக்கல் சரிதான். ஆனால் கச்சேரி மேடையிலும் நடன மேடையிலும் அன்றாடம் புழங்குபவை ஆதி, ரூபகம், மிஸ்ர சாப்பு, கண்ட சாப்பு என்ற நாலும், வர்ணத்துக்கு அட தாளமும்தான். இந்த ஐந்துக்குள் இருக்கும் கணக்கே ஓர் ஆயுளுக்குப் போதும். 175 என்று சொல்லிக் கைதட்டு வாங்குவதால் ஒரு பிள்ளைக்குக்கூட லயம் வராது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் லயக் கணக்கு முழுவதும் ஒரே ஆசையிலிருந்து பிறந்தது: கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் சுற்றினாலும் குறித்த நொடியில் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், வந்து விழ வேண்டும் என்ற ஆசை. அந்தக் கணக்கைப் போட வாயும் கையும் போதும், காகிதம் வேண்டாம். இங்கே, கிள்ளான் பள்ளத்தாக்கில், நாம் பிள்ளைகளுக்கு விடையைக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறோம். கணக்கைப் போடச் சொல்லிக் கொடுப்பதில்லை. இது மாற வேண்டும்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். விடியற்காலைப் பெரட்டுக்குப் பெயர் கூப்பிட்ட மண்ணில் இன்று மால்களும் மாடி வீடுகளும் நிற்கின்றன. சற்றுத் தள்ளி பிரிக்ஃபீல்ட்ஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்த ஊர். தோட்டத்தில் தப்பும் உறுமியும் ஒலித்தன. ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் வீடுகளில் வீணையும் மிருதங்கமும் ஒலித்தன. சங்கீத அபிவிருத்தி சபை 1923இலேயே தொடங்கியது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், பிரிக்ஃபீல்ட்ஸில் இன்றும் தலைமுறை தலைமுறையாக ஆடவும் வாசிக்கவும் கற்றுக்கொடுக்கிறது. 1983இல் ரம்லி இப்ராஹிம் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். அவர் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவர். பரதத்தை அடையாறு கே. லட்சுமணனிடமும் ஒடிசியைத் தேபப்பிரசாத் தாஸிடமும் கற்றவர். 2018இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ பெற்றவர். கஜாங்கில் பிறந்த ஒரு மலாய்க்காரர் இந்தத் தாளங்களைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார் என்றால், இது ஒரு சாதிக்கோ ஒரு மதத்துக்கோ பட்டா போட்டுக் கொடுத்த சொத்தல்ல என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இனி கணக்குக்கு வருவோம். எல்லாரும் வலக்கையைத் தொடையில் வையுங்கள். ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை முடிந்தது. ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம். 4, 2, 2 என்று பிரித்து வைத்திருப்பதால், கண்ணை மூடிக்கொண்டாலும் எங்கே இருக்கிறோம் என்பது கைக்குத் தெரியும். ஆறாவது எண்ணிக்கையா எட்டாவதா என்ற குழப்பம் வந்தால்கூட, விரல் எண்ணும் பாதியில் இருக்கிறோமா வீச்சுப் பாதியில் இருக்கிறோமா என்பதில் குழப்பம் வராது. ஒவ்வோர் எண்ணிக்கைக்குள்ளும் 'தகதிமி' என்று நாலு மாத்திரை சொல்லுங்கள். மொத்தம் 32. இந்த 32ஐ எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் மிருதங்கக்காரரின் வேலையும் நட்டுவனாரின் வேலையும்.

பங்கு போடுவதற்கு நம்மிடம் ஐந்து அளவுகள் உள்ளன. தகிட 3, தகதிமி 4, தகதகிட 5, தகிடதகதிமி 7, தகதிமிதகதகிட 9. இவற்றைக் கோத்து வடிவம் கொடுப்பதற்கு யதி என்று பெயர். வரவரக் குறுகினால் கோபுச்சம், பசுவின் வால் போல. வரவர விரிந்தால் ஸ்ரோதோவகம், ஆறு போல. ஆறு யதிகள் சொல்வார்கள். இந்த இரண்டும் கேட்கிறவர் காதுக்கு உடனே பிடிபடுபவை.

ஒரு கோபுச்சம் செய்து பார்ப்போம். ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போவதுதான் மிக எளிய வழி. மிஸ்ர சாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு அட்சரம், நாலு நாலாக நிரப்பினால் 28 மாத்திரை. இப்போது என்னோடு சொல்லுங்கள்:

தகிடதகதிமி, தகதிமிதக, தகதகிட, தகதிமி, தகிட, தக, தா.

7, 6, 5, 4, 3, 2, 1. கூட்டினால் 28. அடுத்த தட்டு சமம். ஒரு மாத்திரை மிச்சமில்லை, குறையுமில்லை. கண்ட சாப்பில் ஐந்து அட்சரம், 20 மாத்திரை: 6, 5, 4, 3, 2. அதுவும் சரியாக விழுகிறது. ரூபகத்தில் ஆறு அட்சரம், 24: 9, 8, 7. அதுவும் விழுகிறது. ஆதி தாளத்தையே திஸ்ர நடையில் எடுத்தால் எட்டு மூன்று 24. அதே 9, 8, 7 அங்கேயும் பொருந்தும்.

நாம் எல்லாரும் முதலில் கற்கும் தாளம், நடுவில் நிற்கும் தாளம், நாலு நாலாக நிரப்பும் சதுஸ்ர நடை ஆதி. அதில் மட்டும் இது நடக்காது. 32ஐ அடுத்தடுத்த எண்களாகக் குறைத்துப் பாருங்கள். 8, 7, 6, 5, 4 என்றால் 30, இரண்டு குறைகிறது. 9, 8, 7, 6 என்றாலும் 30. 7இலிருந்து தொடங்கி 1 வரை வந்தால் 28. 11, 10, 9 என்றாலும் 30. 11, 10, 9, 8 என்றால் 38. ஓர் ஆவர்த்தனம் போதவில்லை என்று இரண்டு எடுத்தால் 64, அதிலும் விழாது. நாலு எடுத்தால் 128, அதிலும் விழாது. எந்த வித்துவான் எவ்வளவு சாதகம் செய்தாலும் விழாது.

ஏன் என்பதை வாயாலேயே நிரூபித்துவிடலாம். அடுத்தடுத்த எண்களைக் கூட்டுகிறோம். எண்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், நடு எண்ணை அந்த எண்ணிக்கையால் பெருக்கினால் கூட்டுத்தொகை வந்துவிடும். எனவே கூட்டுத்தொகையை ஓர் ஒற்றைப்படை எண் வகுக்கும். எண்ணிக்கை இரட்டைப்படை என்றால், முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒற்றைப்படை வரும். அதைப் பாதி எண்ணிக்கையால் பெருக்கினால் கூட்டுத்தொகை. அங்கேயும் ஓர் ஒற்றைப்படை எண் வகுக்கிறது. 32ஓ இரண்டை இரண்டால் பெருக்கிப் பெருக்கி வந்த எண். ஒன்றைத் தவிர வேறு எந்த ஒற்றைப்படை எண்ணும் அதை வகுக்காது. 64ம் அப்படியே, 128ம் அப்படியே. எனவே முடியாது. எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் நம் பிள்ளைகள் ஜஞ்சாங் (எண் தொடர்) என்று படிக்கும் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

முடியாது என்று தெரிந்த இடத்தில்தான் கலை தொடங்குகிறது. இரண்டு மாத்திரை குறைகிறது என்றால், இரண்டு மாத்திரை விட்டுவிட்டு எடுக்கலாம். நாலு மாத்திரைக்கு ஓர் எண்ணிக்கை. இரண்டு மாத்திரை என்றால் அரை இடம். சமத்தைத் தட்டிவிட்டு, அரை இடத்தில் 8, 7, 6, 5, 4 என்று எடுத்தால் அடுத்த சமத்தில் விழும். இன்னொரு வழி, ஒன்றொன்றாகக் குறைக்காமல் இரண்டிரண்டாகக் குறைப்பது. 11, 9, 7, 5 கூட்டினால் 32. இதைச் சொற்கட்டாகச் சொல்கிறேன், தாளம் போடுங்கள்:

தகதிமிதக ததிங்கிணதோம்,
தகதிமி ததிங்கிணதோம்,
தக ததிங்கிணதோம்,
ததிங்கிணதோம்.

தா என்று சமம். கவனித்தீர்களா? ததிங்கிணதோம் என்ற ஐந்து ஒவ்வொரு முறையும் மாறாமல் வருகிறது. அதற்கு முன்னால் நிற்பது 6, 4, 2 என்று தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகிறது. கேட்பவருக்கு முடிவு நெருங்குகிறது என்று உடம்பே சொல்லிவிடும். இரண்டு ஆவர்த்தனம் இருந்தால் 15, 13, 11, 9, 7, 5, 3, 1 என்று ஒற்றைப்படை எண்களை முழுதாக இறக்கலாம். கூட்டினால் 64, எட்டின் வர்க்கம். முதல் எட்டு ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை எட்டின் வர்க்கம் என்பதைக் கரும்பலகையில் நிரூபிக்கலாம். தொடையில் தட்டியும் நிரூபிக்கலாம். தொடையில் தட்டிக் கற்ற பிள்ளை மறக்காது.

மோராவிலும் இப்படி ஒரு கட்டு உண்டு. ஒரு சொல்லை மூன்று தரம் சொல்கிறோம். இடையில் ஒரே அளவான இரண்டு கார்வை, அதாவது இடைநிறுத்தம். சமத்திலிருந்து சமம்வரை 32 மாத்திரைக்குள் அடங்க வேண்டும். மூன்று சொல்லும் இரண்டு கார்வையும் சேர்ந்து 32. இரண்டு கார்வை சேர்ந்தால் எப்போதும் இரட்டைப்படைதான். எனவே மூன்று சொல்லும் சேர்ந்து இரட்டைப்படையாக வேண்டும். எனவே சொல் இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். 8 சொல், 4 கார்வை சரி. 6 சொல், 7 கார்வை சரி. 5ஓ 7ஓ ஒருபோதும் வராது. ஆனால் நம் காதுக்கு இனிக்கும் சொற்கட்டுகள் 5லும் 7லும்தானே இருக்கின்றன! ஆகவே கால் இடம் தள்ளி, ஒரு மாத்திரை கழித்து எடுக்கிறோம். மிச்சம் 31. சொல் 7, கார்வை 5: ஏழு, ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு. விழுந்துவிட்டது. அரை ஆவர்த்தனத்தில் 16 மாத்திரை. அதில் ததிங்கிணதோம் மூன்று தரம் கார்வையே இல்லாமல் 15. அதையும் ஒரு மாத்திரை தள்ளித்தான் எடுக்கிறோம். மிருதங்க வகுப்பில் முதல் ஆண்டிலேயே இதை வாசித்துவிடுகிறார்கள். ஏன் தள்ளி எடுக்கிறோம் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை; நாமும் சொல்வதில்லை. கதக்கில் திகாய் என்று ஆடுவதும் தபலாவில் வாசிப்பதும் இதே மூன்று தர அமைப்புத்தான். அங்கேயும் இதே கேள்வி காத்திருக்கிறது.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? தமிழ் யாப்பிலேயே இதன் வேர் இருக்கிறது. தொல்காப்பியர் மாத்திரையை அளக்கக் கருவி தேடவில்லை. கண் இமைப்பதும் விரல் நொடிப்பதும் அவருக்குப் போதுமாக இருந்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. பிற்கால யாப்பில் அசை என்றால் நேர், நிரை என்று இரண்டே. ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. கூட்டினால் சீர் 30. தேமா புளிமா என்று பள்ளியில் சலிப்போடு ஒப்பித்தது, இரண்டின் அடுக்குகளை வாயால் எண்ணிய பயிற்சி.

வடமொழி யாப்பில் கேள்வி கொஞ்சம் வேறு. குறிலும் நெடிலும் கலந்து நாலு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? இரண்டு நெடில், நெடில் குறில் குறில், குறில் நெடில் குறில், குறில் குறில் நெடில், நாலு குறில். ஐந்து விதம். ஐந்து மாத்திரைக்கு எட்டு விதம், ஆறுக்குப் பதின்மூன்று. கடைசி எழுத்து குறிலானால் முன்னால் ஒரு மாத்திரை குறைந்த வரிசை, நெடிலானால் இரண்டு குறைந்த வரிசை. எனவே முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண். விரகாங்கரும், 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரரும் இதைச் சொல்லிவிட்டார்கள். இத்தாலியின் ஃபிபொனாச்சி தம் நூலை எழுதியது 1202இல். யார் முந்தி என்ற பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. செய்யுளைச் சொல்லிப் பார்த்த வாய்களிலிருந்து ஒரு கணிதம் பிறந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் சங்கீத ரத்னாகரத்தில் இதைத் தாளத்துக்குக் கொண்டுவந்தார். துருதம் ஒன்று, லகு இரண்டு, குரு நாலு, புலுதம் ஆறு. இந்த நாலு அளவாலும் ஒரு நீளத்தை எத்தனை விதமாக நிரப்பலாம்? 1, 2, 3, 6, 10, 19 என்று அந்த வரிசை வளர்கிறது. எண்ணிக்கை மட்டும் சொல்லி அவர் விடவில்லை. எல்லா விதங்களையும் வரிசையாக எழுதும் முறையும், இத்தனையாவது விதம் எது என்று நேரே கண்டுபிடிக்கும் முறையும் சொல்கிறார். அவர் பட்டியலிட்ட 120 தேசித் தாளங்களை, எழுநூறு ஆண்டு கழித்துப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் எடுத்துத் தம் படைப்புகளில் பயன்படுத்தினார். பாரிஸில் அதைத் தேடிப் படித்தார்கள். பங்சாரில் நாமும் படிக்கலாம்.

தாளம் வாசிக்கும் மிருதங்கத்தின் தோலுக்குள்ளேயும் கணக்கு இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் வட்டத் தோலைத் தட்டினால் எழும் மேலொலிகள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. அதனால்தான் சாதாரண முரசுக்குச் சுருதி சொல்ல முடிவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் அடுக்கடுக்காகப் பூசித் தேய்க்கும் கரணை அந்த மேலொலிகளை முழு எண் விகிதத்துக்கு இழுத்து வருகிறது. சி. வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்; 1934இல் விரிவாக எழுதினார். மிருதங்கம் கட்டுகிறவர்களின் விரல்கள் அதை எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கண்டுபிடித்திருந்தன.

ஆட்டத்துக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்துப் பாருங்கள். ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டு வயதில் மாதவி மேடை ஏறுகிறாள். அந்த மேடைக்கு அளவு சொல்கிறார் இளங்கோ: இருபத்து நாலு விரல் அளவில் ஒரு கோல், ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆடல் ஆசிரியனுக்கும் தண்ணுமை ஆசிரியனுக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தனித்தனியே அடுக்குகிறார். ஆடுகிறவளைச் சொல்லும் அதே இடத்தில் முழவு வாசிக்கிறவனுக்கும் இடம் கொடுத்த காவியம் அது.

இன்று நாம் ஆடும் மார்க்கத்தை 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. அவர்கள் வழியில் வந்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம் என்ற வரிசையிலேயே ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. முதலில் பாட்டே இல்லாமல் வெறும் சொல்லும் தாளமும், பிறகு ஸ்வரம், பிறகுதான் பொருள். திஸ்ர அலாரிப்பில் உடம்பு மூன்றைக் கற்கிறது, கண்டத்தில் ஐந்து, மிஸ்ரத்தில் ஏழு, சங்கீர்ணத்தில் ஒன்பது. அதற்கும் முன்னால், அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவு போடும் ஆறு வயதுப் பிள்ளை, தட்டுக்கழி ஒரே வேகத்தில் விழ, முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று 1, 2, 4 என்ற பெருக்கை உள்ளங்காலில் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பிள்ளையின் முகத்தை மூன்றாம் காலத்தில் பாருங்கள். உதட்டுக்குள் 'தெய்யா தெய்' ஓடும். கண் நட்டுவனாரின் கைக்கழியை விட்டு நகராது. கால் வலித்தாலும் அடுத்த தட்டை விடாது. அங்கே ஒரு மனம் முழுதாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

அந்த மனத்தை நாம் பாதியில் கைவிடுகிறோம். எப்படி என்று வெளிப்படையாகச் சொல்கிறேன்.

முதலாவது, பதிவு செய்த இசை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு எத்தனையோ நடன நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அரங்கேற்றத்துக்கு மட்டும் செலவு செய்து சென்னையிலிருந்தோ உள்ளூரிலிருந்தோ பக்கவாத்தியம் வைக்கிறோம். மற்ற நாளெல்லாம் பெண்டிரைவில் இருக்கும் பாட்டுக்கு ஆடுகிறார்கள். பதிவு செய்த பாட்டில் ஜதியை முடிக்கும் தீர்மானம் ஒருபோதும் தவறாது. அதனால் ஆடுகிறவளும் ஒருபோதும் கணக்குப் போட வேண்டியதில்லை. நட்டுவனார் ஒரு நாள் கொஞ்சம் தூக்கிச் சொல்வார், மிருதங்கக்காரர் ஒரு கார்வையை நீட்டிக் காத்திருப்பார், ஆடுகிறவள் அதைக் கேட்டுத் தன் அடவை அரை நொடி தாங்கி வைப்பாள், மூவரும் ஒரே சமத்தில் விழுவார்கள். லயம் என்று நான் சொல்வது அதை. பதிவில் அது கிடையாது. செலவு எனக்குத் தெரியும், பெற்றோரின் சுமையும் தெரியும். ஆனால் மாதம் ஒரு வகுப்புக்கு ஓர் உள்ளூர் மிருதங்கக்காரரைக் கூப்பிடுவது எந்தப் பள்ளிக்கும் தாங்காத செலவல்ல. அவருக்கும் அது சோறு போடும்.

இரண்டாவது, எண் எழுதிய தாள். சொற்கட்டுகளைக் கோத்த கோர்வையை 1 2 3 4 என்று எழுதிக் கொடுத்து, எந்த எண்ணில் எந்த அடவு என்று குறித்து மனப்பாடம் செய்ய வைக்கிறோம். தேர்வுக்கு அது உதவும். ஆனால் அந்தப் பிள்ளையிடம் 'ஒரு மாத்திரை தள்ளி எடுத்திருந்தால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள், விழிக்கும். சொற்கட்டாக வாயால் கற்ற பிள்ளை உடனே சொல்லிப் பார்க்கும், கையால் தட்டிப் பார்க்கும், தவறினால் மீண்டும் எடுக்கும். புதுக்கோட்டை வழியில் வந்த மேதைகளை நினைத்துப் பாருங்கள். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமூண்டியா பிள்ளை, அவர் மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை, பிறகு பழனி சுப்பிரமணிய பிள்ளை. அந்த மரபு வளர்ந்தது வாயிலும் கையிலும்தான். பழனியின் மாணவர் திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் அதே சொற்கட்டை உலகம் முழுவதிலிருந்தும் வந்த மாணவர்களுக்குக் கற்பித்தார். தமிழ் தெரியாத பிள்ளைகள் அங்கே ததிங்கிணதோம் சொல்லிக் கற்றார்கள்.

மூன்றாவது எனக்கு மிகவும் மனத்தாங்கலான ஒன்று. தைப்பூசத்தன்று முருகனைக் காணப் பத்துமலைக்குப் போகிறோம். உறுமி மேளக் குழுக்கள் வருகின்றன. பம்பை, தவில், உறுமி. எல்லாரும் பதினெட்டு இருபது வயதுப் பையன்கள். வளைந்த குச்சி உறுமியின் தோலில் தேய்ந்து முனகும்போது, மற்றவர்கள் அந்த முனகலுக்கு இடம் விட்டு, மூன்று நடையிலிருந்து நாலு நடைக்கு ஒரே கண் அசைவில் மாறுகிறார்கள். ஒருவரும் எண்ணுவதில்லை. ஒருவரும் தவறுவதில்லை. காவடி எடுக்கிறவரின் காலடிக்கு ஏற்ப வேகத்தை ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். இதே முருகன்மேல்தான் அருணகிரிநாதர் பாடினார்; கிடைத்திருக்கும் 1,300க்கும் மேற்பட்ட திருப்புகழ்ப் பாடல்களில் சந்தத்துக்குள் இத்தனை தாளங்களை ஒளித்து வைத்த புலவர் வேறு யார்? உறுமிப் பையன் வாசிப்பதும் திருப்புகழ் பாடுகிறவர் பாடுவதும் ஒரே கணக்கு. ஆனால் சபா மேடையில் ஒருவருக்கு நாற்காலி, மற்றவருக்கு வாசலில் நிற்கும் இடம். தோட்டத்து மேளம் என்று ஒதுக்கியது போதும்.

நம் பக்கத்து வீட்டாரைப் பாருங்கள். 1988இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய 24 பருவ முரசு இன்று நாடெங்கும் சீனப் பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கையாகப் பரவியிருக்கிறது. மலாய்க் கம்போங்குகளில் கொம்பாங் குழு ஒருவர் அடிக்கும் இடைவெளியில் மற்றவர் அடித்து, இரண்டு எளிய அடிகளைச் சேர்த்து ஓர் அடர்ந்த தாளம் கட்டுகிறது. கல்யாண ஊர்வலத்தில் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் அதைப் பள்ளிக்கும் தெருவுக்கும் கொண்டுபோனார்கள். நம் தமிழ்ப்பள்ளிகளில் உறுமிக்கும், சொற்கட்டை வாயால் சொல்லும் கொன்னக்கோலுக்கும் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க என்ன தடை? வாய்ப்பாடு ஒப்பிக்கத் திணறும் பிள்ளைக்கு, தகிட நாலு தரம் சொன்னாலும் தகதிமி மூன்று தரம் சொன்னாலும் ஒரே இடத்தில் முடிவதைக் கைதட்டிக் காட்டினால், மூநான்கும் நான்மூன்றும் ஒன்று என்பது அன்றைக்கே புரிந்துவிடும்.

எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். கணக்கு மிகுந்துபோன கச்சேரிகளையும் ஆட்டங்களையும் நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பாட்டின் பொருளை மூடிவிட்டு, ஒரு ஜதிக்குமேல் ஒரு ஜதியாக அடுக்கி, மூச்சு வாங்க நிற்கிறார்கள். பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது மிருதங்கம் ஒரு மீட்டு, ஒரு கும்காரம், அவ்வளவுடன் நிற்க வேண்டும். எங்கே கணக்கு வைக்கக் கூடாது என்பதும் கணக்குத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். மனப்பாடமாகக் கற்றவர் எங்கே நிறுத்துவது என்று அறியாமல் எல்லாவற்றையும் வாசித்துவிடுகிறார். எனவே நான் கேட்பது அதிகக் கணக்கு அல்ல. புரிந்த கணக்கு.

இந்த அறக்கட்டளையின் புரவலர்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுதோறும் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, பங்சாரிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள சிறிய நடனப் பள்ளிகளுக்கு உள்ளூர் மிருதங்கக்காரரை அனுப்பச் செலவிடுங்கள். மாணவர் விழாவில், கற்றுக்கொடுத்ததை ஒப்பிக்கும் போட்டிக்குப் பக்கத்தில், ஆதி தாளத்தில் சொந்தமாக ஒரு கோர்வை கட்டிக் காட்டும் போட்டி ஒன்றையும் வையுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் என்னென்ன கட்டுகிறார்கள் என்று பார்த்து வியந்துபோவீர்கள். அடுத்த ஆண்டு இதே மேடைக்கு ஓர் உறுமி மேளக் குழுவை அழைத்து, அவர்களையே பேசவும் வாசிக்கவும் வையுங்கள்.

வந்திருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் ஒன்று. அட தாளத்தில் 14 எண்ணிக்கை. நாலு நாலாக நிரப்பினால் 56 மாத்திரை. ஒவ்வொன்றாகக் குறையும் கோபுச்சம் ஒன்று அதில் சரியாக விழும். அது எத்தனையில் தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, சொற்கட்டாக்கி, அடுத்த வகுப்பில் உங்கள் ஆசிரியரிடம் சொல்லிக் காட்டுங்கள்.